ஃபிரிட்ஜுக்குள் முளைத்த கற்கள்

அக்டோபர் 6, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். டைரி எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. குளிர்பதனக் கிடங்குகளை வடிவமைப்பது என் தொழில். என்ன நடந்தது என்று தெரியவேண்டுமா, சென்சாரைப் பார்த்தால் போதும். ஆனால் விதை தருவதற்கு டாக்டர் பியூலா போட்ட நிபந்தனை இது.

"சென்சார் எழுதறதை சென்சார் எழுதட்டும். நீங்க என்ன பண்ணினீங்கன்னு நீங்க எழுதுங்க, நவநீதன். தப்பு பண்ணினா அதையும்."

"தப்பு பண்ண மாட்டேன்" என்றேன்.

"அப்போ சின்ன டைரி போதும்" என்றார்.

பியூலா கோத்தகிரியில் பல் டாக்டர். இத்தனை நாள் வாட்ஸாப் குழுவில்தான் பழக்கம். இன்று செடிக் கண்காட்சியில் முதல்முறை நேரில் பார்த்தேன். கூட வந்தவர் கோவில்பட்டி செண்பகராஜ் அண்ணாச்சி. ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார், மொட்டை மாடி முழுக்கக் கள்ளி. மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம்: லித்தாப்ஸ். பார்த்தால் கூழாங்கல். உண்மையில் ஒட்டிப் பிறந்த இரண்டு தடித்த இலைகள், நடுவில் ஒரு பிளவு, அவ்வளவுதான் செடி.

லித்தாப்ஸ் பெரும்பாலும் பழுப்பு அல்லது சாம்பல். பல வருஷங்களுக்கு முன்னால் பியூலா விதைத்ததில் இரண்டு மட்டும் இலைப்பச்சையாக வந்தன. நான் வேறு யாரிடமும் அப்படிப் பார்த்ததில்லை. இந்தச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, இன்னொரு செடி பூக்கவேண்டும், அதுவும் அதே வாரத்தில். போன வருஷம் இரண்டும் சேர்ந்து பூத்தன. பியூலா தூரிகையால் மகரந்தம் மாற்றினார். ஒரே ஒரு காய் தங்கியது. இந்த ஜூன் மழையில் இரண்டு செடியும் அழுகிப் போய்விட்டன.

மிச்சம் இருப்பது அந்தக் காய்தான். இன்று மேஜைமேல் வைத்து, பல்லுக்கு ஊசி போடும் சிரிஞ்சால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். காய்ந்து மூடிக் கிடந்தது மெல்ல நட்சத்திரம் மாதிரி விரிந்தது. பாலைவனத்தில் மழைத்துளி பட்டால்தான் திறக்குமாம். மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை. நல்ல டிசைன்.

உள்ளே பழுப்புத் தூள். அதுதான் விதை. அண்ணாச்சி தன் விசிட்டிங் கார்டால் மூன்று கோடாகப் பிரித்தார்.

"மூணு ஊரு, மூணு வெயிலு. ஏதாச்சும் ஒரு ஊருல பொழைக்கும்லா?"

"ஒண்ணு பத்தாது அண்ணாச்சி. ரெண்டு வேணும்" என்றார் பியூலா. "அதுவும் ரெண்டும் பச்சையா இருக்கணும். நான் ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தேன். பக்கத்துப் பழுப்புச் செடியிலிருந்து பூச்சி மகரந்தம் கொண்டுவந்திருக்கலாம். முதல் தோல் கழண்டாதான் கலர் தெரியும்."

ஒன்று பிழைத்தால் அலமாரி அலங்காரம். இரண்டு பச்சை பிழைத்தால்தான் வம்சம். புரிந்தது. காகித உறையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பொத்தான் போட்டாயிற்று.

அக்டோபர் 7

இந்த விதைக்குப் பகலில் இருபத்தைந்து டிகிரி, இரவில் பதினைந்து வேண்டும். சென்னை நங்கநல்லூரில் இரவு எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. தீர்வு வீட்டிலேயே இருக்கிறது: பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். அம்மா அதில் இட்லி மாவும் மல்லிகைப்பூவும் வைப்பார். மாவை வெளியே எடுத்தேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என்னுடைய கண்ட்ரோலரை இணைத்தேன். மேல்தட்டில் எல்இடி விளக்கு. தொட்டியில் சலித்த மணல், கொஞ்சம் மண், மேலே விதைத்தூள், அதற்குமேல் பிளாஸ்டிக் தாள்.

அம்மா வந்து பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கும்னு சொன்னியே, அதுவா?"

"ஆமா."

"கல்லுக்கு எதுக்குடா ஏசி?"

"முளைக்க."

"என் மாவு புளிச்சுப் போகும்."

"சீக்கிரம் தோசை சுடும்மா."

அக்டோபர் 10

முளைக்கவில்லை.

அக்டோபர் 11

முளைக்கவில்லை. கண்ட்ரோலர் சரியாகத்தான் ஓடுகிறது. குறை விதையில் இருக்கவேண்டும். குழுவில் அப்படியே போட்டேன். பியூலா: "சும்மா சும்மா கதவைத் திறந்தா டெம்பரேச்சர் எப்படி நிக்கும்?" நான் கதவைத் திறப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 16

முளைத்தது! ஊசிமுனைப் பச்சை, இடைவெளியே இல்லாமல். குளிர்பதனம் வென்றது. பியூலாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் ஒரு நோயாளியின் வாயில் கைவைத்திருந்த நேரம்.

"நவநீதன், அப்புறம் கூப்பிடறேன். இவர் வாயை மூட முடியாம உக்காந்திருக்காரு."

ஆனாலும் திரையில் நாற்றுகளைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். அவர் தொட்டியிலும் முளைத்திருக்கிறதாம், என்னுடையதைவிடக் குறைவாக.

நவம்பர் 3

அண்ணாச்சி போன்.

"தம்பி, ஒரு துக்கச் செய்தி."

"என்ன அண்ணாச்சி?"

"முளைச்சு ஜம்முனு இருந்துச்சு. ஆத்து மணலு, மூணு தண்ணியில அலசி, சலிச்சு, மண்சட்டியில வெச்சிருந்தேன். தீவாளிக்கு விருந்தாளுக வந்தாக. உங்க மைனி மாடிக்குப் போயிருக்கா. சட்டியில பொடிமணலு. கடலை வறுக்கதுக்குன்னே யாரோ சலிச்சு வெச்ச மாதிரி இருந்திருக்கு."

என் ஃபிரிட்ஜ் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"வறுத்துட்டா, தம்பி."

"செடி இருக்குன்னு அண்ணிகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்லா! 'செடி எங்க இருக்கு, வெறும் மணலுதான கெடக்கு'ன்னு என்னையத் திருப்பிக் கேக்கா. ஊசிமுனையளவு செடி, அவ கண்ணாடியும் போடல."

"கடலை எப்படி இருந்தது?"

"அதச் சொல்லப்படாது." சற்று நிறுத்தி, "பிரமாதம்."

பியூலாவிடம் யார் சொல்வது என்று பேசி, நான் சொல்வதாக முடிவானது. சொன்னேன். "கடலையா?" என்றார். பிறகு சிரித்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார். அடங்கியதும் குரல் மாறியது.

"அப்போ ரெண்டு ஊர்தான் பாக்கி. என்னோடதுல பாசி பிடிக்குது, நவநீதன். தினமும் ரெண்டு மூணு மூழ்கிப் போகுது."

"என்கிட்ட நிறைய இருக்கு. கவலைப்படாதீங்க" என்றேன். அவர் சிரிப்பதைக் கேட்பதற்காகக் கடலைக் கதையை மறுபடியும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

நவம்பர் 30

காலையிலிருந்து பேய்மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் போய்விட்டது. ஃபிரிட்ஜ் கதவை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். குளிர்பதனக் கிடங்கில் முதல் விதி இது: மின்சாரம் போனால் கதவைத் திறக்காதே, உள்ளே இருக்கும் குளிரைக் காப்பாற்று.

டிசம்பர் 1

மின்சாரம் இல்லை. அம்மா போர்வை போர்த்திக்கொண்டு, "வெளியே இவ்வளவு குளிருதே, அதுங்களை எடுத்து ஹால்ல வையேன்டா" என்றார். கிடங்கு விதிமுறையை விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

டிசம்பர் 2

மின்சாரம் வந்தது. கதவைத் திறந்தேன். வெள்ளைப் பூஞ்சை. பஞ்சு மாதிரி.

ஹாலில் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்துமூன்று டிகிரி. இரண்டு நாளும் அதுதான். அந்த நாற்றுகளுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் எங்கள் ஹாலில் இருந்தது. நான் அவற்றை இருட்டான ஈரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவைத்திருந்தேன். கிடங்கு விதி ஆப்பிளுக்கு. ஆப்பிள் மூச்சு விட்டாலும் வளரவேண்டியதில்லை.

கைப்பிடி அளவு தப்பித்தது. அவற்றைப் பிடுங்கிப் புது மணலில் நட்டேன். உள்ளே ஒரு சிறிய மின்விசிறி பொருத்தினேன், பழைய கம்ப்யூட்டரில் இருந்தது.

பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "டைரியில எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 14

பொங்கல். அம்மா போனில் யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கிய கதை, என் சின்ன வயசுக் கதை, நான் டியூப்லைட்டைப் பிரித்துப் பார்த்த கதை. யார் என்று பார்த்தால் பியூலா.

"உன் போன்தான் அடிச்சுது, எடுத்தேன். நல்லாப் பேசுது அந்தப் பொண்ணு. பல்லு கூசறதுக்கு எந்தப் பேஸ்ட்டுன்னு கேட்டேன்."

"அவங்க செடி விஷயமா கூப்பிட்டிருப்பாங்க."

"செடியைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையேடா."

பியூலாவிடம் இப்போது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என்னிடம் மூன்று. மீதி மெல்ல மெல்லக் கரைந்தது. விளக்கு போதாமல் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிட்டன. விளக்கை இரண்டு மடங்காக்கினேன். மூன்றும் பச்சைப்பட்டாணி அளவில் உருண்டையாக உட்கார்ந்திருக்கின்றன.

பிப்ரவரி 13

மூன்றிலும் தோல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. தோல் கழலப்போகிறது. பழைய இலைகளின் தண்ணீரையும் சத்தையும் உள்ளே இருக்கும் புதிய ஜோடி உறிஞ்சிக்கொள்ளும், பழையது காகிதம் மாதிரி ஆகும், பிறகு புதியது வெளியே வரும். இந்தச் சமயத்தில் தண்ணீர் விடக்கூடாது. எதுவும் செய்யக்கூடாது.

எதுவும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு இன்ஜினியர் எதற்கு?

பிப்ரவரி 16

மூன்றில் ஒன்று வாடுகிறது. காரணம் ஆராயப்பட்டு வருகிறது.

பிப்ரவரி 17

வழக்கம்போல் படம் அனுப்பினேன். உடனே போன்.

"நடுவுல இருக்கிறதுல ஓரத்துல நேர்க்கோடா கிழிஞ்சிருக்கே, அது என்ன?"

"தானா வெடிச்சிருக்கும்."

"தானா வெடிச்சா நேர்க்கோடு வராதுங்க. ட்வீசரா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேர்க்கோடுதான்.

"நவநீதன்."

"மொபைல் ரிப்பேருக்கு வெச்சிருக்கிற ட்வீசர். நுனி ரொம்பச் சன்னம்."

"போன வாரம் ஒரு அப்பா வந்தாரு. ஆறு வயசுப் பொண்ணு. பால் பல் ஆடவே ஆரம்பிக்கலை. நூலைக் கட்டி இழுத்திருக்காரு. அடியில புதுப் பல்லு ரெடியா இருக்கான்னு பாக்கணுமாம். உங்க சொந்தக்காரரா?"

"கலர் தெரிஞ்சா மேற்கொண்டு திட்டம் போடலாமேன்னு..."

அந்தப் பக்கம் ஏதோ கருவி நின்றது. நாற்காலி நகரும் சத்தம்.

"என்ன கலர்?" மிக மெதுவாகக் கேட்டார்.

"பச்சை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரிங்க. அதை நிழல்ல வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 21

உரித்தது காய்ந்துவிட்டது. இப்போது என்னிடம் இரண்டு, அவரிடம் ஒன்று.

ட்வீசரை ஆபீசில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16

வெயில் ஆரம்பித்துவிட்டது. சமையலறையில் நிற்க முடியவில்லை. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் லாரி மாதிரி உறுமுகிறது. அதை மாற்றலாம், எனக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் எத்தனை நாளைக்கு? இந்த இரண்டும் பெட்டியைவிட்டு வெளியே வந்தால் மே மாதம் தாங்காது. பெட்டிக்குள் இருந்தால் தோலும் கழலாது, வெயிலும் படாது. உயிரோடு இருக்கின்றன, அவ்வளவே.

பியூலாவைக் கூப்பிட்டேன். "கோத்தகிரிக்குக் கொண்டுவர்றேன்" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"இங்க வந்தா செத்துடும். ரெண்டு பெரிய செடி என் கையில போச்சு. நாற்று எத்தனை போச்சு. இந்த ஊர் மஞ்சு மூட்டம், இந்த ஈரம்... நான் ஆசைப்பட்டு வளர்க்கிறேன், எல்லாம் அழுகிப்போகுது. மிச்சம் அந்த ரெண்டாச்சும் உங்ககிட்ட இருக்கட்டும்னு தைரியமா இருக்கேன். புரிஞ்சுக்கோங்க."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் கிண்டல் செய்பவர். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"கை கொல்லாது. ஈரப்பதம்தான் கொல்லும். எவ்வளவுன்னு அளந்தீங்களா?"

"இல்ல."

"அப்போ சனிக்கிழமை அளக்க வர்றேன்."

மலையில் குளிரும் என்பதற்காகப் புதுச் சட்டை எடுத்தேன். அது அரைக்கை என்பதை அம்மா சுட்டிக்காட்டினார்.

மார்ச் 22, சனி

மேட்டுப்பாளையம்வரை ரயில். தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்த பெரியவர் உள்ளே என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு கல்லு இருக்கு தம்பி" என்றார். "ஆமாங்க" என்றேன். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டியைச் சாய்க்காமல் பிடித்ததில் தோள் பிடித்துக்கொண்டது.

பியூலாவின் கிளினிக் கடைவீதிக்கு மேலே, மாடியில். அவருடைய ஒற்றைச் செடி ஜன்னல் கட்டையில் இருந்தது. நல்ல வெளிச்சம். முன்பு எல்லாம் மொட்டை மாடியில் இருந்ததாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்குப் பயந்து உள்ளே கொண்டுவந்து வைத்தாராம். ஈரப்பதம் பதிவுசெய்யும் கருவியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தேன். மாடியில் இன்னொரு கருவி.

மத்தியானம் இரண்டு வரைபடத்தையும் லேப்டாப்பில் போட்டேன். மொட்டை மாடியின் கோடு, மஞ்சு வந்தபோது ஏறி, காற்று அடித்ததும் இறங்கிவிட்டது. ஜன்னலின் கோடு ஒவ்வொரு மணிக்கும் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறியது. ஏறி, முழுசாக இறங்குவதற்குள் மறுபடி ஏறியது.

"இந்த நேரத்துல என்ன பண்ணினீங்க?" என்று ஒரு முகட்டைக் காட்டினேன்.

"பல்லு எடுத்தேன்."

"இதுல?"

"வேர் சிகிச்சை."

"முடிச்சதும்?"

அவர் திரும்பி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த ஆட்டோகிளேவைப் பார்த்தார். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் பெட்டி. ஒவ்வொரு நோயாளி முடிந்ததும் அதன் கதவைத் திறப்பார். ஒவ்வொரு முறையும் சுடச்சுட ஒரு மேகம் மேலே எழும். வரிசையாக எல்லாவற்றையும் அதற்குமேல்தான் வைத்திருந்தார்.

நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அப்போ மழை இல்லையா?"

"மழை இல்ல. நீங்கதான்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்படி பேஷன்ட்கிட்ட பேசினா கிளினிக்கை மூட வேண்டியதுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா இந்த ஊரைத் திட்டிட்டு இருக்கேன், நவநீதன். இட்லி மாதிரி வேக வெச்சிருக்கேன்."

சாயங்காலத்துக்குள் மொட்டை மாடியில் ஒரு தட்டு அமைத்தோம். மேலே மட்டும் ஒளி புகும் தகடு, நான்கு பக்கமும் காற்று. அவருடைய ஒன்றை அங்கே வைத்தார். என் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"விட்டுட்டுப் போறீங்களா?"

"இங்கதான் பிழைக்கும். கருவியும் இங்கேயே இருக்கட்டும். அளவு என் போனுக்கு வந்துடும்."

மார்ச் 24

ஃபிரிட்ஜை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். மாவு, பூ, கறிவேப்பிலை எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. சமையலறையில் அந்த நீல வெளிச்சம் இல்லாதது என்னவோபோல் இருக்கிறது. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 6

பியூலாவோடு தினமும் பேசுகிறேன். ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்பதற்கு. அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறார். சொல்லும்போதே என் போனிலும் அதே எண் தெரிகிறது. இரட்டைச் சரிபார்ப்பு நல்ல பழக்கம்.

இன்று ஈரப்பதம் பற்றிப் பேசிவிட்டு, அவர் ஏன் பல் மருத்துவம் படித்தார், எனக்கு ஏன் காத்திருக்க வராது, மேகம் கீழே இருக்கும்போது மலையில் எப்படித் தெரியும் என்றெல்லாம் பேச்சு போனது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, அலுத்து, அவரே சாப்பிட்டுவிட்டார்.

ஏப்ரல் 13

பியூலாவிடமிருந்து படம் வந்தது. என் இரண்டில் ஒன்று தோலைக் கழற்றிவிட்டது. யாரும் தொடவில்லை. பழைய தோல் சுருண்டு கிடக்கிறது. உள்ளிருந்து புதியது, முழுசாக, பளபளவென்று.

பழுப்பு.

"அழகா இருக்கு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து: "பூச்சி ஜெயிச்சுடுச்சு."

கணக்கு எளிமையானது. மீதி இரண்டும் பச்சையாக இருக்கவேண்டும். ஒன்று பழுப்பானாலும் முடிந்தது. நான் உரித்தது பச்சை. அதை உரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு.

ஏப்ரல் 20

ஈஸ்டர். கோத்தகிரி போனேன். என் இரண்டாவதைப் பார்ப்பதற்கு. தோல் இன்னும் கழலவில்லை. பியூலாவின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அவர் அப்பா, "நீங்கதான் ஃபிரிட்ஜா?" என்று கேட்டுக் கைகுலுக்கினார். மட்டன் குழம்பு நன்றாக இருந்தது.

அண்ணாச்சி போனில்: "தம்பி, செடி மலையில, நீங்க பஸ்ஸுல. ஒரு ஊருக்குப் போகணும்னா நேரா டிக்கெட் எடுத்துப் போகலாமே. அதுக்கொரு செடிய எதுக்குத் தொந்தரவு பண்ணுதீக?"

"நெட்வொர்க் சரியில்ல அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27

என் இரண்டாவது கழன்றது. பச்சை! இலைப்பச்சை, கலப்பே இல்லை. பியூலா அனுப்பிய குரல்செய்தியில் வெறும் கூச்சல்தான் இருக்கிறது. நாலு தடவை கேட்டேன்.

ஒன்று ஆயிற்று. பாக்கி அவருடைய ஒற்றைச் செடி. பிளவில் சன்னமாக விரிசல் தெரிகிறதாம். "படம் அனுப்பாதீங்க. வர்றேன்" என்றேன்.

மே 3, சனி

இப்போதுதான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன். மறக்காது, ஆனாலும்.

காலையில் போனபோது பியூலா மொட்டை மாடியில் செடிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். பற்களைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைத் தலையில் மாட்டியிருந்தார், ஆனால் கண்ணுக்கு இறக்கவில்லை.

"விரிசல் பெருசாயிருச்சு. இதையும் டார்ச்சையும் வெச்சுப் பாத்தா உள்ள கலர் தெரிஞ்சுடும்னு நினைக்கிறேன்" என்றார். "காலையில இருந்து பாக்கல. பயமா இருக்கு. நீங்க வந்ததும் பாக்கலாம்னு."

"வந்துட்டேன்."

அவர் கண்ணாடியை இறக்கப் போகும்போது கீழிருந்து குரல். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, கன்னம் பன் மாதிரி வீங்கி, வலியில் அழுதுகொண்டு. பியூலா என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். கண்ணாடியையும் டார்ச்சையும் என் கையில் கொடுத்தார்.

"நேரம் ஆகும். நீங்க பாத்துடுங்க. பரவாயில்ல. பாத்துட்டு, பழுப்பா இருந்தா... கொஞ்சம் பதமாச் சொல்லுங்க, அன்னைக்கு மாதிரி இல்லாம."

இறங்கிப் போய்விட்டார்.

மாடியில் நானும் அந்தப் பட்டாணியும். டார்ச் எரிகிறதா என்று சோதித்தேன், எரிந்தது. அணைத்தேன். ஒரு விநாடி வேலை. தொடக்கூட வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும். கண்ணாடியைச் சுவர்மேல் வைத்துவிட்டு மறுபக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. கழற்றி, சுத்தம் செய்து, திருப்பி மாட்டினேன். அதன்பிறகு ஒழுகாத இன்னொரு வால்வையும் கழற்றி மாட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் மேலே வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது, படி ஏறும்போதே தன்னைத் தயார்செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"சொல்லுங்க."

"பாக்கல."

"என்ன?"

"பாக்கல. உங்க செடி. நீங்கதான் முதல்ல பாக்கணும்."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"உங்க டேங்க் வால்வு ஒழுகிச்சு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முட்டிபோட்டார். டார்ச்சை நான் பிடித்தேன். வெகுநேரம் அசையவே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கண்ணாடி ஈரமாக இருந்தது, துடைத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டியிருந்தது. விரிசலுக்கு உள்ளே, ஆழத்தில், இரண்டு சின்ன உதடுகள் மாதிரி. பச்சை.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டு" என்றேன்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். அவர் கடையில் இருந்த எல்லாரிடமும் கத்திச் சொன்னார், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விதை வந்தால் பங்கு வேண்டுமாம். மணலுக்கு மேல் இரும்புக் கம்பிவலை போடுவதாகச் சத்தியம் செய்தார். பின்னாலிருந்து அண்ணி, "கடலைக்கு வேற மணலு வாங்கியாச்சு, பயப்படாதீக" என்றார்.

சுவரில் சாய்ந்து டீ குடித்தோம். கீழே பள்ளத்தாக்கில் மேகம் கிடந்தது.

"இதுங்க பூத்து, ரெண்டும் ஒரே வாரத்துல பூத்து, காய்ச்சாதான் நிஜமா தப்பிச்சோம்னு அர்த்தம்" என்றார் பியூலா. "அதுக்கு மூணு வருஷம் ஆகும். நாலும் ஆகலாம்."

"ஆகட்டும்" என்றேன்.

கோப்பையை இறக்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"நீங்களா பேசறீங்க?"

"நான்தான்."

கையை உடனே எடுக்கவில்லை.